பட்டா வேறு, பர்மிட் வேறு
அமெரிக்க மேய்ச்சல் நிலத் தகராறுகள்: உரிமை, ஆபத்து, நிவாரணம்

2014 ஏப்ரல் 12. அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் பங்கர்வில் என்ற சிற்றூர். அதன் பக்கத்தில் காய்ந்து கிடக்கும் ஓர் ஓடை, அதற்கு மேலே நெடுஞ்சாலைப் பாலம். ஓடையோரத் தற்காலிகப் பட்டியில் ஏறத்தாழ நானூறு மாடுகள். காவலுக்கு மத்திய அரசின் அதிகாரிகள். எதிரே குதிரைமேல் வந்தவர்களும் துப்பாக்கியோடு வந்தவர்களுமாக நூற்றுக்கணக்கானோர். பாலத்தின் தடுப்புச் சுவர் இடுக்கில் துப்பாக்கியை நீட்டிக் குப்புறப் படுத்திருந்த ஒருவரின் படம் உலகெங்கும் பத்திரிகைகளில் வந்தது. ஒரு குண்டு வெடித்திருந்தால் பல உயிர் போயிருக்கும். அதிகாரிகள் பின்வாங்கினார்கள். பட்டி திறந்தது, மாடுகள் வந்த வழியே போயின.

மாட்டுக்காரர் கிளைவன் பண்டி. ‘அவர் நிலத்துக்குள் அரசாங்கம் புகுந்துவிட்டது’ என்று தொலைவில் இருந்து பார்த்த பலர் நினைத்தார்கள். ஆனால் அந்த மாடுகள் மேய்ந்தது அரசு நிலத்தில். 1993 முதல் அவர் மேய்ச்சல் கட்டணம் கட்டவில்லை. மாடுகளை வெளியேற்றச் சொல்லி 1998-லேயே நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தது. கட்டணமும் அபராதமுமாக நிலுவை 10 லட்சம் டாலரைத் தாண்டியிருந்தது.

அப்படியானால் தவறு முழுவதும் மாட்டுக்காரர் பக்கம்தானா? அதுவும் இல்லை. அமெரிக்க மேற்கில் மாடு வளர்ப்பவர்களுக்குச் சட்டம் தரும் உரிமைகள் என்ன, எங்கே கால் வழுக்கும், வழுக்கினால் எதைப் பிடித்து எழுவது என்று பார்க்கலாம்.

யாருடைய நிலம்?

நெவாடாவின் நிலத்தில் சுமார் 80 விழுக்காடு மத்திய அரசுடையது. யூட்டாவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. இதில் பெரும்பகுதியைப் பார்த்துக்கொள்வது நில மேலாண்மைப் பணியகம். அதன் கையில் சுமார் 24.5 கோடி ஏக்கர் இருக்கிறது. அதில் 15.5 கோடி ஏக்கர் மேய்ச்சலுக்குத் திறந்திருக்கிறது. மலைக்காடுகளின் மேய்ச்சலைக் கவனிப்பது வனத்துறை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த நிலத்துக்குக் காவலும் இல்லை, கணக்கும் இல்லை. முதலில் போய்ச் சேர்ந்த மந்தைக்குப் புல். மாடும் ஆடும் போட்டி போட்டு மேய்ந்ததில் புல் வேரோடு போய் மண் பறந்தது. அதற்குக் கடிவாளம் போட 1934-இல் வந்ததுதான் டெய்லர் மேய்ச்சல் சட்டம். நிலத்தைப் பங்குகளாகப் பிரித்து, அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்களுக்கு அனுமதி கொடுத்துக் கட்டணம் வாங்கும் முறை அதிலிருந்து தொடங்கியது.

‘மத்திய அரசுக்கு இவ்வளவு நிலம் வைத்திருக்க அதிகாரமே இல்லை’ என்ற வாதம் அங்கே அடிக்கடி எழும். நீதிமன்றத்தில் அது நின்றதில்லை. கொலராடோவின் ஃப்ரெட் லைட் என்பவர், வேலி போடாத காட்டு நிலத்துக்குள் தன் மாடுகள் போனால் அது தன் குற்றமாகாது என்று வாதாடினார். 1911-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. யூட்டா மாநில அரசே 1.85 கோடி ஏக்கர் தொடர்பாக நேரடியாக உச்ச நீதிமன்றப் படியேறியது. 2025 ஜனவரியில் அந்த மனுவை எடுத்துக்கொள்ள நீதிமன்றம் மறுத்துவிட்டது.

பர்மிட்டில் என்ன இருக்கிறது?

மேய்ச்சல் பர்மிட்டைப் பிரித்தால் கிட்டத்தட்ட ஒரு ரேஷன் அட்டையைப் பார்ப்பது போல இருக்கும். எந்த மேய்ச்சல் பங்கு, என்ன கால்நடை, எத்தனை தலை, எந்தத் தேதியில் ஓட்டிப்போய் எந்தத் தேதிக்குள் திரும்ப வேண்டும் என்று கட்டம் கட்டமாக இருக்கும். கடைசிக் கட்டத்தில் ஓர் எண். அதுதான் ‘மாட்டு மாதம்’. ஒரு பசுவும் கன்றும், அல்லது ஒரு குதிரை, அல்லது ஐந்து செம்மறியோ வெள்ளாடோ ஒரு மாதம் தின்னும் தீவனமே இந்த அளவு.

கணக்கு எளிது. 200 பசுக்கள் 5 மாதம் மேய்ந்தால் 1,000 மாட்டு மாதம். 2025-இல் கட்டணம் ஒரு மாட்டு மாதத்துக்கு 1 டாலர் 35 சென்ட். விதிப்படி அதற்குக் கீழே இறங்க முடியாது. ஆக மொத்தம் 1,350 டாலர். தனியார் நிலத்தில் இதே தீவனத்துக்கு மாட்டு மாதம் ஒன்றுக்கு 20 டாலருக்கு மேல் போகும். ‘மக்கள் சொத்தை மலிவு விலைக்குக் கொடுக்கிறார்கள்’ என்று சூழல் ஆர்வலர்கள் சொல்வது இதை வைத்துத்தான். ‘தனியார் நிலத்தில் தண்ணீரும் வேலியும் நிலக்காரர் பொறுப்பு. இங்கே குழாய் இழுப்பதும் கம்பி கட்டுவதும் நாங்கள்’ என்பது பண்ணைக்காரர்களின் பதில்.

இந்தப் பர்மிட் தெருவில் போகிறவருக்குக் கிடைக்காது. பக்கத்தில் சொந்த நிலமோ நீர் ஆதாரமோ இருக்க வேண்டும். பண்ணையை விற்கும்போது, வாங்குபவர் விதிகளுக்குத் தகுதியானவராக இருந்தால் பர்மிட்டையும் தன் பெயருக்கு மாற்றிக் கேட்கலாம். அதனால் பண்ணையின் விலையில் பர்மிட்டின் மதிப்பும் ஏறிவிடுகிறது. ‘என் தாத்தா காசு கொடுத்து வாங்கியது’ என்று பேரன் சொல்வதில் பொய் இல்லை.

ஆனால் 1934-ஆம் ஆண்டுச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது: மேய்ச்சல் அனுமதியால் நிலத்தில் எந்தப் பாத்தியதையும் உண்டாகாது. அரசு தனியார் நிலத்தைக் கையகப்படுத்தும்போதுகூட, பர்மிட்டால் கூடிய மதிப்புக்கு இழப்பீடு கிடையாது என்று 1973-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எத்தனை தலைமுறை மேய்த்தாலும் அனுபவ பாத்தியதை கேட்டு மத்திய அரசு நிலத்தைப் பெற முடியாது. சந்தையில் சொத்தாகவும் சட்டத்தில் சலுகையாகவும் ஒரே தாள் இருப்பதுதான் இந்தச் சண்டைகளின் ஆணிவேர்.

சலுகைதான், ஆனால் பல் உள்ள சலுகை

பட்டா இல்லை என்பதால் அதிகாரி நினைத்தபோது விரட்டிவிட முடியாது. பர்மிட் பொதுவாகப் பத்தாண்டுக்குச் செல்லும். விதிகளை மீறாதவருக்குப் புதுப்பித்தலில் முதலிடம் உண்டு. நிலத்தை வேறு பொதுப் பயனுக்கு எடுப்பதாக இருந்தால், அவசர நிலை தவிர, இரண்டு ஆண்டு முன்னறிவிப்பு தர வேண்டும் என்கிறது 1976-ஆம் ஆண்டின் கூட்டாட்சி நிலச் சட்டம். அனுமதியோடு செய்த நிரந்தர வேலைகளுக்கு, அதாவது வேலி, தொட்டி, குழாய் போன்றவற்றுக்கு, நியாயமான இழப்பீடும் உண்டு. மாடுகளின் எண்ணிக்கையைக் குறைப்பதென்றால் பண்ணைக்காரரோடு கலந்து பேச வேண்டும், காரணத்தை எழுத்தில் தர வேண்டும். தண்ணீர் உரிமை தனிக் கணக்கு. அது மாநிலச் சட்டப்படி பதிவாகும், பர்மிட்டோடு சேர்ந்து போய்விடாது.

கால் வழுக்கும் இடங்கள்

குறித்த தேதிக்குப் பின்னும் மாடு நின்றாலோ, எண்ணிக்கை கூடினாலோ அது அத்துமீறல். தெரியாமல் நடந்திருந்தால் தின்ற தீவனத்தின் மதிப்பைக் கட்ட வேண்டும். தெரிந்தே செய்தால் இரு மடங்கு, திரும்பத் திரும்பச் செய்தால் மும்மடங்கு. பர்மிட்டும் போகலாம். அறிவிப்புக்குப் பிறகும் ஓட்டிப் போகாவிட்டால், நம் ஊர்க் கொண்டித் தொழுவம் மாதிரி, மாடுகளைப் பிடித்து அடைப்பார்கள். செலவையும் அபராதத்தையும் கட்டி மீட்காவிட்டால் விற்றுவிடுவார்கள்.

தீ இதைவிட ஆபத்து. ஒரிகன் மாநிலத்தின் டுவைட் ஹாமண்ட், அவர் மகன் ஸ்டீவன் இருவர் கதை அதற்குச் சான்று. 2001-இல் வைத்த தீ 139 ஏக்கர் அரசு நிலத்தை எரித்தது. 2006-இல் மகன் எதிர்த்தீ வைத்தார். மின்னலில் பற்றிய காட்டுத்தீ தன் குளிர்காலத் தீவனத்தை அழித்துவிடாமல் காக்கத்தான் வைத்தேன் என்றார். அதில் எரிந்தது சுமார் ஓர் ஏக்கர். அரசு நிலத்தில் தீ வைத்த குற்றத்துக்கு 1996-ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின்படி குறைந்தபட்சத் தண்டனை ஐந்து ஆண்டு. அது அதிகம் என்று கருதிய முதல் நீதிபதி, தந்தைக்கு மூன்று மாதமும் மகனுக்கு ஓராண்டும் ஒரு நாளும் விதித்தார். இருவரும் அதை அனுபவித்து வீடு திரும்பிய பிறகு, சட்டத்தைவிடக் குறைவாகத் தண்டிக்க முடியாது என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம். 2016 ஜனவரியில் மறுபடியும் சிறை. 2018 ஜூலையில் குடியரசுத் தலைவர் டிரம்ப் மன்னிப்பு வழங்கினார்.

அவர்களுக்காக என்று சொல்லிக்கொண்டு கிளைவன் பண்டியின் மகன்கள் தலைமையில் ஆயுதக் குழு ஒன்று 2016 ஜனவரி 2-இல் மல்ஹியூர் பறவைகள் சரணாலயத்தைப் பிடித்தது. அந்தக் குழு தங்களுக்காகப் பேசவில்லை என்று ஹாமண்ட் குடும்பத்தின் வழக்கறிஞர் அறிவித்துவிட்டார். 41 நாள் நீடித்த முற்றுகையில் லவாய் ஃபினிகம் என்ற அரிசோனா பண்ணைக்காரர் மாநிலக் காவலர்களின் குண்டுக்குப் பலியானார். பண்டி சகோதரர்கள் குற்றமற்றவர்கள் என்று அதே ஆண்டு அக்டோபரில் தீர்ப்பானது. பின்னால் நின்ற வேறு சிலர் தண்டனை பெற்றார்கள். போனவர் உயிர் திரும்பவில்லை.

கடிதம் வந்தால் என்ன செய்வது?

பெரும்பாலான தகராறுகள் ஒரு பதிவுத் தபாலில் தொடங்குகின்றன. பணியகத்தின் ‘முன்மொழிவு முடிவு’ கைக்கு வந்த 15 நாளுக்குள் ஆட்சேபம் எழுதலாம். பிறகு வரும் ‘இறுதி முடிவு’க்கு 30 நாளுக்குள் மேல்முறையீடு. அதோடு சேர்த்தே இடைக்காலத் தடை கேட்டு மனுப் போட வேண்டும். அதை விட்டுவிட்டு மேல்முறையீடு மட்டும் செய்தால், வழக்கு முடியும் முன்பே மாடுகளை இறக்க வேண்டி வரலாம். உள்துறை அமைச்சகத்தின் விசாரணை நீதிபதி, அதற்கு மேல் நில மேல்முறையீட்டு வாரியம், அதற்கும் மேல் மத்திய நீதிமன்றம் என்று படிகள் உண்டு. கீழ்ப்படியைத் தாண்டி நேரே நீதிமன்றம் போனால் பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வனத்துறைக்குக் கெடு வேறு. பர்மிட்டை நிறுத்திவைத்தாலோ ரத்து செய்தாலோ, பல மாநிலங்களில் மத்தியஸ்தத்துக்கும் இடமுண்டு. கெடு எத்தனை நாள் என்பது முடிவுக் கடிதத்திலேயே அச்சாகியிருக்கும். அடுத்தவர் சொன்ன கணக்கை நம்பாமல் அதைப் படிக்க வேண்டும்.

ஆதாரம் இல்லாத ஆட்சேபம் வெற்றுப் புலம்பலாகிவிடும். ஒவ்வோர் ஆண்டும் அதே இடத்தில், அதே மாதத்தில், அதே திசையில் நின்று எடுத்த புகைப்படங்கள், மழை அளவு, எந்த நாளில் எத்தனை மாடு எங்கே நின்றது என்ற குறிப்பேடு: அதிகாரியின் அளவீட்டை மறுக்க இவைதான் கைகொடுக்கும். வழக்கில் வென்று, அரசின் நிலைப்பாட்டுக்குத் தக்க நியாயம் இல்லை என்றும் ஆனால், வழக்கறிஞர் செலவைத் திரும்பக் கேட்கவும் சட்டத்தில் வழி இருக்கிறது.

முறையாகப் போனால் எப்போதும் வெற்றி என்று சொல்ல முடியாது. நெவாடாவின் வெய்ன் ஹேஜ் 1991-இல் இழப்பீடு கேட்டு வழக்குப் போட்டார். பர்மிட் சொத்தல்ல, தண்ணீர் உரிமை சொத்து என்றது நீதிமன்றம். பல லட்சம் டாலர் இழப்பீடும் தீர்ப்பானது. 2012-இல் மேல் நீதிமன்றம் அதைத் தள்ளியது. அவர் அதற்கு ஆறு ஆண்டு முன்பே இறந்துபோயிருந்தார். வயோமிங்கின் ஃபிராங்க் ராபின்ஸ் கதை இன்னும் கசப்பு. முந்தைய உரிமையாளரிடம் வாங்கிய வழிப்பாதை உரிமையைப் பணியகம் பதிவு செய்ய மறந்துவிட்டது. புதிதாகப் பண்ணையை வாங்கிய ராபின்ஸிடம் அதை இலவசமாகக் கேட்டார்கள். மறுத்தவர் மேல் வழக்கு மேல் வழக்கு. அதிகாரிகள் மீது தனிப்பட்ட முறையில் இழப்பீட்டு வழக்குப் போட முடியாது என்று 2007-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒவ்வொரு தொல்லைக்கும் தனித்தனியே முறையீடு செய்ய இடம் இருந்ததே என்பது நீதிமன்றம் காட்டிய காரணங்களில் ஒன்று. கெடுவைத் தவறவிடக் கூடாது என்பதற்கு இதைவிட எச்சரிக்கை வேண்டாம்.

முதலில் இருந்தவர்கள்

‘எங்கள் நிலம்’ என்று இரு தரப்பும் சொல்லும் இடத்தில் மூன்றாவது குரல் ஒன்று இருக்கிறது. மேரி டான், கேரி டான் என்ற மேற்கு ஷோஷோனி பழங்குடிச் சகோதரிகள் நெவாடாவில் மாடும் குதிரையும் வளர்த்தார்கள். 1863-ஆம் ஆண்டு ரூபி பள்ளத்தாக்கு உடன்படிக்கையில் எங்கள் மக்கள் நிலத்தை விட்டுக்கொடுக்கவே இல்லை, பிறகு பர்மிட் எதற்கு என்று கேட்டார்கள். 1974-இல் அரசு அத்துமீறல் வழக்குப் போட்டது. நிலத்துக்கு ஈடாக 2.6 கோடி டாலரை அரசு தன் கருவூலக் கணக்கிலேயே பழங்குடியினர் பெயரில் வைத்தது. அவர்கள் அதை வாங்கவில்லை. வாங்காவிட்டாலும் கொடுத்ததாகத்தான் அர்த்தம் என்று 1985-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அமெரிக்க நாடுகளிடை மனித உரிமை ஆணையம் 2002-இல் சகோதரிகளின் உரிமை மீறப்பட்டதாகச் சொன்னது. அதே ஆண்டில் அவர்களுடைய மாடுகளைப் பிடித்துப் போனார்கள், அடுத்த ஆண்டு குதிரைகளை. பங்கர்வில் போலப் பாலத்தின் மேல் துப்பாக்கியோடு வந்து நிற்க அவர்களுக்கு ஆள் இல்லை.

பங்கர்வில் வழக்கு என்ன ஆயிற்று? துப்பாக்கி எடுத்துத்தானே பண்டி ஜெயித்தார் என்று இன்றும் பேசுகிறார்கள். 2014-இல் மாடுகள் திரும்பியது துப்பாக்கி முனையில்தான். அதற்காகவே பின்னர் கைதாகி ஏறத்தாழ இரண்டு ஆண்டு காவலில் கிடந்தார். அரசுத் தரப்பு தர வேண்டிய ஆதாரங்களை மறைத்தது என்று கண்டு 2018 ஜனவரியில் நீதிபதி குளோரியா நவரோ வழக்கையே தள்ளுபடி செய்தார். மேல்முறையீட்டிலும் அது நிலைத்தது. எந்த நீதிமன்றத்தின் உத்தரவை அவர் மதிக்கவில்லையோ அதே நீதிமன்றம்தான் அவரைச் சிறையிலிருந்து வெளியே விட்டது. பர்மிட்டோ இன்னும் அவர் கைக்கு வரவில்லை.

ஆகவே அந்தப் பதிவுத் தபால் வரும் நாளில் முதல் வேலை, உறையைக் கிழித்து எறியாமல் வைப்பது. கைக்கு வந்த தேதியை அதன் மேலேயே எழுதிக்கொள்ள வேண்டும். கெடு அன்றிலிருந்துதான் ஓடத் தொடங்குகிறது.