குடியை நிறுத்தணுமா? 'ஏஏ' கூட்டத்துக்கு முதல்முறை போறவங்க தெரிஞ்சுக்க வேண்டியவை

"நாளையிலிருந்து தொடமாட்டேன்" எனச் சத்தியம் செய்து, மறுநாளே தோற்றவர்கள் ஒன்றாக உட்கார்ந்து மனம்விட்டுப் பேசும் இடம்தான் 'ஏஏ' எனப்படும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். 1935-ல் அமெரிக்காவில் தொடங்கிய இந்தக் குழுக்கள் தமிழ்நாட்டிலும் இயங்குகின்றன.

எப்படி கண்டுபிடிப்பது?

ஏஏ-வின் இந்திய இணையதளத்தில் தேடலாம். பக்கத்திலுள்ள போதை மறுவாழ்வு மையத்தில் விசாரிக்கலாம். மத்திய அரசின் இலவச உதவி எண் 14446-லும் ஆலோசனை கிடைக்கும்.

முதல் நாள் என்ன நடக்கும்?

* கட்டணம் இல்லை. நிறுத்தணும்ங்கிற விருப்பம் போதும்.
* முழுப்பெயர், வேலை எதுவும் சொல்ல வேண்டாம்.
* பேசத் தயக்கமா? சும்மா கேட்டுட்டு வரலாம்.
* அங்கே கேட்டதை வெளியே சொல்லக் கூடாது என்பது வழக்கம்.
* 'திறந்த கூட்டம்' என்றால் குடும்பத்தினரும் வரலாம். குடும்பத்தினருக்கென்றே 'அல்-அனான்' குழுக்களும் உண்டு.

இதை மறக்காதீங்க!

தினமும் அதிகமாகக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் கைநடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரலாம். உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் முதலில் டாக்டரைப் பாருங்க. கூட்டம் சிகிச்சைக்கு மாற்று அல்ல, துணை.

இடையில் மறுபடி குடிச்சிட்டா? வெட்கப்பட்டு நின்னுடாதீங்க. அடுத்த கூட்டத்துக்குப் போங்க. அங்கே இருப்பவர்களில் பலரும் அப்படித் திரும்பி வந்தவர்கள்தான்.