ஐவரியா, இளநீலமா?

பெயின்ட் கடையில் ஷேடு கார்டை விரித்து, ஐவரியா இளநீலமா என்று குழம்புகிறவர்களுக்கு அந்த அட்டை பாதி உண்மையைத்தான் சொல்கிறது. அட்டையில் வெளிச்சம் ஒருமுறை பட்டுக் கண்ணுக்கு வந்துவிடும். அறையிலோ ஒரு சுவரில் பட்டது எதிர்ச்சுவருக்குப் போய், கூரையைத் தொட்டு, அப்புறம்தான் நம்மிடம் வருகிறது.

ஐவரிச் சுவர் மஞ்சள் ஒளியில் 80 சதவீதத்தையும் நீல ஒளியில் 60 சதவீதத்தையும் திருப்பி அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். மூன்று முறை பட்டபின் மஞ்சளில் 51 மிஞ்சும், நீலத்தில் 22தான். கடையில் வெள்ளைபோல இருந்த ஐவரி வீட்டில் சந்தனமாகிவிடுவது இதனால்தான். இளநீலமும் இப்படியே அழுத்தமாகும்.

சிதம்பரத்துத் தேர் வீதிகளையொட்டிய பழைய வீடுகளுக்குப் பக்கச்சுவரில் ஜன்னல் வைக்க இடமிருக்காது. நடு அறைக்கு முற்றம்தான் கதி. அங்கு வருவது பெரும்பாலும் நேர்வெயில் அல்ல. வானத்து நீலம் கலந்த ஒளி, அதுவும் பல சுவர்களில் பட்டு இளைத்தது. இளநீலம் பூசினால் பட்டப்பகலில் டியூப்லைட் போட வேண்டிவரும். என் ஓட்டு ஐவரிக்கு. கடலூர் தேவனாம்பட்டினத்தில், கடலைப் பார்த்த கிழக்கு ஜன்னலுள்ள அறையென்றால் இளநீலத்தைத் தயங்காமல் பூசலாம்.

'வடக்கு பார்த்த அறைக்கு வெயில் வராது' என்ற வெளிநாட்டு அறிவுரை லண்டனுக்கு ஏறக்குறையச் சரி. நம் சிதம்பரமும் கடலூரும் 11 டிகிரிக்கும் 12 டிகிரிக்கும் இடைப்பட்ட வட அட்சத்தில் இருக்கின்றன. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம்வரை உச்சிவேளைச் சூரியனே தலைக்கு வடக்கில்தான். காலையும் மாலையும் வடக்கு ஜன்னலில் வெயில் எட்டிப் பார்க்கும்.

சுண்ணாம்படித்த காலத்தில் ஒரு சிட்டிகை நீலம் கலப்பார்கள். சுண்ணாம்பின் லேசான மஞ்சளை அது விழுங்கிவிடும். சுவர் திருப்பும் வெளிச்சம் கொஞ்சம் குறைந்தாலும், பார்வைக்கு வெளுப்பு கூடும். வேடிக்கைதான்!

வாங்குமுன் சின்ன டப்பா சாம்பிள் எடுத்து, ஓர் அட்டைப்பெட்டியின் உட்புறம் முழுக்க இரண்டு கோட் அடியுங்கள். காய்ந்ததும் பக்கவாட்டில் சாய்த்து, வாயை ஜன்னல் பக்கம் திருப்பி உள்ளே பாருங்கள். இரவில் 6500 கெல்வின் வெள்ளை எல்இடியிலும், 3000 கெல்வின் மஞ்சள் விளக்கிலும் இன்னொருமுறை பார்த்துவிட்டுப் பெரிய டப்பாவுக்குப் பணம் கட்டலாம்.