பழைய ஸ்கோப், புதிதாய்ப் பிறந்த பழைய துப்பாக்கி

வியட்நாம் போர்க்கால ரைஃபிள்களை அச்சு அசலாகப் பார்த்துச் செய்யும் மறுபதிப்புகளுக்கு அமெரிக்காவில் நல்ல சந்தை இருக்கிறது. சாம்பல் நிற உலோகம், முக்கோண முன்பிடி, மூன்று பல் கொண்ட குழல்முனை என்று அறுபதுகளின் அடையாளங்களோடு இன்றைய தொழிற்சாலையில் உருவாகும் துப்பாக்கிகள் இவை. வாங்குபவர்கள் பலர் அதோடு நிற்பதில்லை. அந்தக் காலத்து ராணுவ ஸ்கோப்பையும் தேடிப் பிடித்து மேலே பொருத்துகிறார்கள். கண்ணுக்கு இது அலங்காரம்தான். சுட்டுப் பார்க்கும்போதுதான் எந்தக் கருவி அந்தத் துப்பாக்கியோடு ஒத்துப்போகிறது, எது கட்டாயத்துக்கு ஒட்டவைக்கப்பட்டது என்பது தெரியவரும்.

மறுபதிப்பு ஏன் தேவைப்பட்டது என்பதற்குச் சட்டம்தான் காரணம். இரண்டாம் உலகப் போரின் எம்1 கேரண்ட் துப்பாக்கிகளை அமெரிக்கப் பொதுமக்களால் உபரிச் சரக்காகவே வாங்க முடிகிறது. வியட்நாம் போரின் எம்16 கதை வேறு. விசையை அழுத்தியபடியே தொடர்ந்து சுடக்கூடியது என்பதால் அது இயந்திரத் துப்பாக்கி. ஒருமுறை அப்படி வகைப்படுத்தப்பட்ட உடற்பகுதி சட்டத்தின் கண்ணில் என்றைக்கும் அப்படித்தான். 1986 மே மாதச் சட்டத்துக்குப் பின் புதிய இயந்திரத் துப்பாக்கி எதையும் தனியார் பெயரில் பதிவு செய்ய முடியாது. அதற்கு முன் பதிவானவை பல்லாயிரம் டாலருக்குக் கைமாறுகின்றன. இதனால் கோல்ட் நிறுவனமே தன் பழைய எம்16ஏ1-ஐ, ஒரு அழுத்தலுக்கு ஒரு தோட்டா மட்டும் சுடும்படி மாற்றி மறுபடி வெளியிட்டது. 2018இல் பிரவுனெல்ஸ் நிறுவனமும் அறுபதுகளின் பல வடிவங்களை ஒரே வரிசையாகக் கொண்டுவந்தது. குழலின் நீளமும் சட்டத்துக்கு உட்பட்டதே. போர்க்கால எக்ஸ்எம்177இ2 கார்பைன் என்ற குட்டை ரைஃபிளின் குழல் 11.5 அங்குலம்தான். 16 அங்குலத்துக்குக் குறைந்த குழலுள்ள ரைஃபிளுக்குத் தனிப் பதிவு வேண்டும் என்பதால், மறுபதிப்பில் நீண்ட முனைப்பகுதி ஒன்றைக் கழற்ற முடியாதபடி இணைத்து அளவைச் சரிக்கட்டுகிறார்கள்.

இனி எம்16இன் மேலே இருக்கும் கைப்பிடி. எம்16இன் முன்னோடியான ஏஆர்-10-ஐ யூஜின் ஸ்டோனர் வடிவமைத்தபோது, தோளில் பதியும் கட்டையைக் குழலுக்கு நேர்கோட்டில் அமைத்தார். சுடும்போது எழும் உதைப்பு நேராகத் தோளுக்குள் போகும், குழல் மேலே துள்ளாது. ஆனால் கட்டை நேராக இருந்தால் கண் குழலுக்கு வெகு உயரத்தில் நிற்கும், குறியும் அந்த உயரத்துக்கு வரவேண்டும். தோட்டாவை அறைக்குள் ஏற்றும் இழுபிடியும் அப்போது உடற்பகுதியின் மேற்புறத்தில்தான் இருந்தது. பின்குறியைத் தாங்கவும் இழுபிடியை அடிபடாமல் காக்கவும் வந்ததுதான் இந்த வளைந்த கைப்பிடி. பின்னாளில் இழுபிடி பின்பக்கம் நகர்ந்துவிட்டது, கைப்பிடி மட்டும் அங்கேயே நின்றுவிட்டது. அதன் மேற்புறப் பள்ளத்தில் ஒரு துளை உண்டு. ஸ்கோப்பின் அடிப்பாகத்தைப் பள்ளத்தில் உட்காரவைத்து, கீழிருந்து ஒரு திருகை அந்தத் துளை வழியே ஏற்றி முடுக்கினால் வேலை முடிந்தது. எம்16ஏ1-இல் எந்தக் கருவியைப் பொருத்துவதென்றாலும் வழி இந்த ஒற்றைத் துளைதான்.

கோல்ட் தன் பெயரில் விற்ற மூன்று மடங்கு பெரிதாக்கும், 20 மில்லிமீட்டர் லென்ஸ் கொண்ட சிறு ஸ்கோப்தான் சேகரிப்பாளர்களின் முதல் தேர்வு. உள்ளங்கையில் அடங்கும் அளவு, எடையும் கம்மி. தொடக்கத்தில் ரியலிஸ்ட் நிறுவனம் செய்துகொடுத்தவற்றில் குறிமுள் கீழிருந்து எழாமல் மேலிருந்து தலைகீழாகத் தொங்குகிறது. முதல்முறை பார்ப்பவருக்குக் குழப்பமாகத்தான் இருக்கும், ஆனால் இலக்கின் கீழ்ப்பகுதி மறையாமல் தெரியும். மேலுள்ள திருகில் தூர எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். இலக்கின் தூரத்துக்கு அதைத் திருப்பினால் தோட்டா கீழே இறங்கும் அளவை அது ஈடுகட்டிவிடும்.

அந்த எண்கள் யாருக்காகப் போட்டவை என்பதில்தான் சிக்கல். 20 அங்குலக் குழல், 55 கிரெய்ன் எடையுள்ள எம்193 தோட்டா என்ற கணக்கில் அமைந்தவை அவை. குழல் குட்டையானாலும், இன்று பரவலாகக் கிடைக்கும் 62 கிரெய்ன் தோட்டாவைப் போட்டாலும் எண்கள் பொய்க்கும். அறுபதுகளின் குழலுக்குள் ஓடும் திருகுவரைகள் 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற மெதுவான கணக்கு என்பதால், எடை கூடிய நீளமான தோட்டாக்கள் அதில் நிலையாகவும் பறக்காது. ஆகவே அசல் அளவில் செய்த மறுபதிப்புக்கு அந்தக் காலத்துத் தோட்டாவும் சேர்ந்தே தேவைப்படுகிறது. ஜோடி என்று பேசுகிறார்கள், உண்மையில் மூன்று பேர் சேர்ந்த கூட்டணி இது.

உயரம் இன்னொரு தொல்லை. கைப்பிடி மேல் ஏறிய ஸ்கோப்பின் மையம் குழலுக்கு ஏறத்தாழ 9 சென்டிமீட்டர் மேலே நிற்கும். 100 மீட்டருக்குச் சரிபார்த்து வைத்த துப்பாக்கியால் 7 மீட்டரில் சுட்டால், பார்த்த இடத்துக்கு 8 சென்டிமீட்டர் கீழே துளை விழும். அதைவிடக் கழுத்துக்குத்தான் அதிகக் கஷ்டம். கன்னம் கட்டையில் பதியாது, தாடையை அதன்மேல் ஊன்றிக்கொண்டு எட்டிப் பார்க்க வேண்டும். ஸ்கோப்புக்குள் முழு வட்டமாகப் படம் தெரிய வேண்டுமென்றால் கண் குறிப்பிட்ட இடத்தில் அசையாமல் நிற்க வேண்டும், இந்தக் கைப்பிடி அதற்கு இடம் கொடுப்பதே இல்லை. உருப்பெருக்கிக் காட்டும் ஸ்கோப் எதுவாக இருந்தாலும் எம்16 கைப்பிடியோடு அரைமனதாகத்தான் ஒத்துப்போகிறது.

அதே துளையில் பொருந்திய மற்றொரு கருவி, ஏஎன்/பிவிஎஸ்-2 என்ற ஸ்டார்லைட் ஸ்கோப். நட்சத்திர வெளிச்சத்தையே பல்லாயிரம் மடங்கு பெருக்கிப் பச்சையாகக் காட்டும் முதல் தலைமுறை இரவுக் கருவி இது. மூன்று பெருக்கிக் குழாய்கள் வரிசையாக, முதலாவது தரும் படத்தை இரண்டாவதும் அதை மூன்றாவதும் வாங்கிப் பெருக்கும்படி இணைந்திருக்கும். எடை 2.7 கிலோவுக்கு மேல். தோட்டா நிரப்பாத எம்16ஏ1 ஏறத்தாழ 2.9 கிலோதான். துப்பாக்கியின் தலையில் இன்னொரு துப்பாக்கியை ஏற்றிக்கொண்டதுபோல் அது கவிழப் பார்க்கும். வியட்நாமில் சிப்பாய்கள் பலர் இதைத் துப்பாக்கியில் மாட்டாமல் கையில் வைத்துக் காவலுக்குப் பயன்படுத்தியதில் வியப்பில்லை. இன்று வாங்குபவருக்கு வேறு கவலை. அது இயங்கிய மெர்குரி பேட்டரிகள் சந்தையிலிருந்து ஒழிந்துவிட்டதால், மாற்று பேட்டரிக்கான இணைப்பு ஒன்றைத் தேட வேண்டும். உள்ளே குழாய் உயிரோடு இருக்கிறதா என்பதும் இயக்கிப் பார்த்தால்தான் தெரியும்.

கைப்பிடியின் உயரத்தைப் பொருட்படுத்தாத கருவி ஒன்றும் அதே காலத்தில் வந்தது. 1970 நவம்பர் 21 அன்று அதிகாலை, ஹனோய்க்கு மேற்கே சோன் டாய் போர்க்கைதி முகாமில் 56 அமெரிக்கச் சிறப்புப் படையினர் இறங்கினார்கள். கைதிகள் முன்பே இடம் மாற்றப்பட்டிருந்ததால் மீட்க அங்கே ஒருவரும் இல்லை. துப்பாக்கி வரலாற்றில் அந்த இரவுக்கு வேறொரு இடம் உண்டு. இருட்டில் சாதாரணக் குறிகளை வைத்துப் பயிற்சி செய்தபோது குண்டுகள் தாறுமாறாகப் போனதால், ராணுவக் கிடங்கில் இல்லாத சிங்கிள்பாயின்ட் என்ற பிரிட்டிஷ் குறிக்கருவியை வெளியே வாங்கித் தங்கள் கார்பைன்களில் மாட்டியிருந்தார்கள்.

இந்தச் சிங்கிள்பாயின்ட் குழாயின் முன்பக்கம் முழுக்க அடைத்திருக்கும். அதன் வழியே எதையும் பார்க்க முடியாது, உள்ளே ஒரு சிவப்புப் புள்ளி மட்டும் தெரியும். வலது கண் புள்ளியைப் பார்க்கிறது, திறந்திருக்கும் இடது கண் இலக்கைப் பார்க்கிறது. மூளை இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துக் காட்டுகிறது. இடது கண்ணை மூடினால் இலக்கு காணாமல் போகும். இரு கண்களின் பார்வைக் கோடும் சற்றே விலகி நிற்பவருக்குப் புள்ளி தள்ளித் தெரியும், குண்டும் தள்ளிப் போகும். இந்தக் குறை ஒருபுறம் இருந்தாலும், கண் இம்மியும் அசையாமல் நிற்க வேண்டிய கட்டாயம் இதில் இல்லை. தலையை நிமிர்த்தியே சுடலாம் என்பதால் உயரமான கைப்பிடி இதற்கு வசதியாகவே அமைந்தது.

ஸ்வீடனின் எய்ம்பாயின்ட் 1970களின் நடுவில் கொண்டுவந்த மின்புள்ளிக் கருவியில் குழாயின் ஊடாகவே இலக்கையும் பார்க்கலாம். 1993 அக்டோபரில் சோமாலியாவின் மொகடிஷுவில் சண்டையிட்ட அமெரிக்க டெல்டா படையினரின் கார்பைன்களில் இவ்வகைக் கருவிகள் இருந்தன. அங்கே உயிரிழந்து, அமெரிக்காவின் உயரிய வீரப் பதக்கம் பெற்ற கேரி கார்டனின் பெயரால் அந்த அமைப்பை ‘கார்டன் கார்பைன்’ என்றே ரசிகர்கள் அழைக்கிறார்கள். 2001இல் வந்த ‘பிளாக் ஹாக் டவுன்’ திரைப்படம் அதன் மவுசைக் கூட்டியது. கைப்பிடியுள்ள மறுபதிப்பை வாங்கி உண்மையாகவே சுட நினைப்பவருக்கு, மேலே சொன்னவற்றுள் மிகப் பொருத்தமானது இந்தச் சேர்க்கைதான்.

உருப்பெருக்கம் வேண்டுமென்றால் துப்பாக்கியையே மாற்றுவது நல்லது. எம்14 ரைஃபிளில் கைப்பிடி கிடையாது, ஸ்கோப் இடப்பக்கத் தாங்கியில் தாழ்வாக உட்காரும். அதன்மேல் ஜேம்ஸ் லெதர்வுட் உருவாக்கிய ஏஆர்டி ஸ்கோப் வியட்நாமின் குறிபார்த்துச் சுடுவோரிடம் இருந்தது. உள்ளே இரண்டு கோடுகள். எதிரியின் இடுப்பு முதல் உச்சந்தலை வரை அவற்றுக்கிடையே அடங்கும்படி உருப்பெருக்க வளையத்தைத் திருப்ப வேண்டும். அந்த வளையத்தோடு இணைந்த ஒரு வளைதட்டு கூடவே சுழன்று, அந்தத் தூரத்துக்கு வேண்டிய அளவு ஸ்கோப்பைச் சாய்த்துவிடும். மூன்று மடங்கில் 300, ஒன்பது மடங்கில் 900 மீட்டர். தூரத்தை மனக்கணக்குப் போடாமலே சுடலாம். எம்14-இன் பொதுமக்கள் வடிவமான எம்1ஏ-யும், ஹை-லக்ஸ் நிறுவனம் அதே முறையில் செய்த ஏஆர்டி ஸ்கோப்பும் சேர்ந்தால் அந்தப் பொறியைச் சுடுதளத்தில் இயக்கிப் பார்க்க முடியும்.

அசல் கண்ணாடிகளுக்கு வயதாகிவிட்டதால்தான் ஸ்கோப்புக்கும் மறுபதிப்பு வருகிறது. லென்ஸ்களை ஒட்டிய பசை ஓரங்களில் விட்டுப்போகும், உள்ளே பூஞ்சை படரும், திருகின் மசகு இறுகிப்போய் அரைச் சுற்றுக்கு மேல் நகராது. பிரிட்டிஷ் எல்1ஏ1 ரைஃபிளில் வந்த நான்கு மடங்கு சூட் ஸ்கோப்பின் குறிமுள்ளுக்கு டிரிடியம் ஒளியூட்டியது. (நம் காவலர்கள் தோளில் சுமந்த எஸ்.எல்.ஆர் அந்த ரைஃபிளின் நெருங்கிய உறவு.) டிரிடியத்தின் அரை ஆயுள் 12.3 ஆண்டு. 1975இல் நிரப்பிய குப்பியில் 2024இல் பதினாறில் ஒரு பங்குதான் மிச்சம், இரவில் அந்த முள் ஏறத்தாழக் கருப்பு.

புதிதாகச் செய்த ஸ்கோப்பில் கண்ணாடி தெளிவாகவும் திருகு மென்மையாகவும் இருக்கும், அமைப்பிலேயே உள்ள குறை மட்டும் அப்படியே வரும். 1943இல் ரெமிங்டன் செய்யத் தொடங்கிய எம்1903ஏ4 ரைஃபிள் இதற்கு நல்ல சான்று. அதன் மறுபதிப்பை கிப்ஸ் நிறுவனம் ஹை-லக்ஸ் ஸ்கோப்போடு விற்றது. இரும்புக் குறிகளே இல்லாத அந்த ரைஃபிளில், ஐந்து தோட்டாக்களை ஒரே அழுத்தலில் இறக்கும் கிளிப்பின் வழியை ஸ்கோப் அடைத்து நிற்கிறது. அதனால் மறுபதிப்பிலும் தோட்டாக்களை ஒவ்வொன்றாக விரலால் தள்ளித்தான் நிரப்ப வேண்டும்.