சிறிய துணைக்கோளம்: பகுதிகள் பல, கணக்கு ஒன்று

பழுதான காரைப் பட்டறைக்குக் கொண்டு போகலாம். விண்ணுக்குப் போன துணைக்கோளத்தை என்ன செய்வது? சிறிய துணைக்கோளத்தை ஏவிய பிறகு ஒரு திருகாணியைக்கூட இறுக்க முடியாது. எல்லாவற்றையும் தரையிலேயே யோசித்து முடிக்க வேண்டும். அதற்கான துறையே அமைப்புமுறைப் பொறியியல்.

சிங்கப்பூர் உருவாக்கிய முதல் துணைக்கோளமான எக்ஸ்-சாட்டை எடுத்துக்கொள்வோம். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் டிஎஸ்ஓ தேசிய ஆய்வுக்கூடமும் இணைந்து தயாரித்த அது, 2011 ஏப்ரல் 20ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி-சி16 ராக்கெட்டில் ஏவப்பட்டது. எடை நூறு கிலோவுக்குச் சற்று அதிகம்.

கேமரா, மின்கலம், சூரியத் தகடு, கணினி, வானொலிக் கருவி அனைத்தும் இந்த எடைக்குள் அடங்க வேண்டும். கேமரா குழுவினர் கூடுதல் மின்சாரம் கேட்பதாக வைத்துக்கொள்வோம். தகடு பெரிதாக வேண்டும். பூமியைச் சுற்ற ஆகும் சுமார் 100 நிமிடத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நேரம் நிழலில் கழிகிறது. அதற்கு மின்கலமும் பெரிதாக வேண்டும். எடை ஏறும். வெப்பமும் கூடும், அதை வாங்கிச் செல்ல அங்கே காற்று இல்லை. ஒருவர் கேட்ட சலுகைக்கு நால்வர் விலை கொடுக்கிறார்கள்!

ஆளுக்கு ஆள் நாட்டாண்மை செய்தால் காரியம் கெடும். அதனால் எடை, மின்சாரம், வெப்பம், தகவல் ஆகிய நான்குக்கும் ஒரே வரவு செலவுக் கணக்கு வைக்கிறார்கள். எதிர்பாராத தேவைக்குக் கொஞ்சம் கையிருப்பும் உண்டு.

தகவல் கணக்கைப் பாருங்கள். துணைக்கோளம் நம் தலைக்கு மேல் தென்படுவது ஒவ்வொரு முறையும் சில நிமிடங்களே. நம் வட்டாரத்திலோ மேகம் அதிகம். எடுத்த படங்களையெல்லாம் அனுப்பினால், வெறும் மேகத்தை அனுப்புவதிலேயே நேரம் போய்விடும். ஆகவே, பயனற்ற படங்களை மேலேயே கழித்துக்கட்ட உதவும் கணினித் தொகுதி ஒன்று எக்ஸ்-சாட்டில் பொருத்தப்பட்டது. பெரிய வானொலிக் கருவிக்குப் பதில் புத்தியான கணினி!

பகுதிகள் நன்றாக இருந்தால் மட்டும் போதாது. அவை சேரும் இடமும் சரியாக இருக்க வேண்டும். 1999ல் செவ்வாய்க்குச் சென்ற நாசாவின் ஆய்வுக்கலம் அழிந்தது. ஒரு தரப்பு பவுண்டு அளவில் தந்த கணக்கை மறுதரப்பு மெட்ரிக் என எடுத்துக்கொண்டதே காரணம். பல ஆண்டு உழைப்பு ஓர் அலகில் வீணானது.

பொறியியல் பயிலும் இளையர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும். தன் பகுதியைச் செம்மையாகச் செய்வது பாதி வேலை. அடுத்தவர் பகுதிக்கு அதனால் என்ன ஆகும் என்று கேட்பதே மீதிப் பாதி.