பழைய டீசல் காருக்குப் பயோடீசல்

1900-ம் வருஷத்துப் பாரிஸ் பொருட்காட்சியில் சிறிய டீசல் எஞ்சின் ஒன்று வேர்க்கடலை எண்ணெயைக் கொண்டே ஓட்டிக் காட்டப்பட்டது. இதைக் கேள்வியுற்ற சிலர், செக்கெண்ணெயை அப்படியே தங்கள் பழைய டீசல் காரில் ஊற்ற எண்ணுகின்றனர். இது தவறு. பச்சை எண்ணெய் டீசலைவிடச் சுமார் பத்து மடங்கு கெட்டியானது. அது முற்றும் எரியாமல் பீச்சுமுனைகளில் கரியாகப் படியும். நாளடைவில் பிஸ்டன் வளையங்களும் ஒட்டிக்கொள்ளும். எண்ணெயை மெதனாலும் சிறிது காஸ்டிக் சோடாவும் சேர்த்து மாற்றி, கிளிசரினை நீக்கிக் கழுவி உலர்த்தியதே பயோடீசலாகும். மெதனால் கண்ணைக் கெடுக்கும் நஞ்சு, எளிதில் தீப்பற்றுவதுங்கூட. ஆகையால் வீட்டில் இதைத் தயாரிக்க முற்படுவது உசிதமன்று.

பயோடீசல் ஊற்றிய கார் முதலில் நன்றாகவே ஓடும். பின்னர் இழுவை குன்றி நடுவழியில் நின்றுவிடுவதுண்டு. உடையவர் எரிபொருளைப் பழிப்பர். குற்றமோ பெரும்பாலும் தொட்டியினுடையது. பல வருஷங்களாக டீசல் படியவிட்ட கசடைப் பயோடீசல் கரைத்துக் கொணர்ந்து வடிகட்டியை அடைத்துவிடுகிறது. ஆதலின் தொட்டியை முன்னரே கழுவுவதும், மாற்று வடிகட்டிகள் இரண்டொன்றைக் காரிலேயே வைத்திருப்பதும் நலம்.

இதனினும் கவனிக்கத்தக்கது ரப்பர். பழைய கார்களிலுள்ள சாதாரண ரப்பர்க் குழாய்களும் பீச்சுப் பம்பின் வளையங்களும் இவ்வெண்ணெயில் ஊறிப் பருத்து இளகிக் கசியும். அவற்றை வைட்டான் வகை ரப்பராக மாற்றும் செலவு சொற்பம். பம்பைப் புதுப்பிக்கும் செலவோ அவ்வாறன்று.

முதலில் நூற்றுக்கு இருபது பங்கு கலந்து ஓட்டிப் பார்த்து, கசிவு இல்லையெனக் கண்டபின் அளவைக் கூட்டலாம். மசகெண்ணெயின் மட்டம் அளவுகோலில் ஏறக் கண்டால், எரிபொருள் அதிற் கலந்திருக்கலாம். எண்ணெயைத் தாமதமின்றி மாற்றவேண்டும்.