நடிகைக்கு அழுதோம், அயல்வீட்டுப் பெண்ணுக்கு?

2020ஆம் ஆண்டு டிசெம்பர் 9ஆம் திகதி சின்னத்திரை நடிகை சித்ரா சென்னைக்கு அருகே ஹோட்டல் ஒன்றில் இறந்து கிடந்தார் என்ற செய்தி வந்தது. விஜய் தொலைக்காட்சியின் 'பாண்டியன் ஸ்டோர்ஸ்' தொடரில் முல்லை என்ற மருமகளாக நடித்தவர். வயது 28. கொரோனாக் காலத்தில் வெளியே போக வழியின்றி வீட்டுக்குள் இருந்த எமது பெண்களுக்கு அந்தத் தொடர் ஓர் ஆறுதலாக இருந்தது. பலர் முல்லையை நடிகையாக எண்ணவில்லை. தங்கள் வீட்டுப் பிள்ளை ஒன்றைப் பறிகொடுத்தது போலவே அழுதார்கள். சிலர் அன்று அடுப்பு மூட்டவில்லை.

இந்தக் கண்ணீரைக் கேலி செய்வோர் உண்டு. "முகம் தெரியாத நடிகைக்கு என்ன அழுகை?" என்று கேட்பார்கள். ஆனால் போரில் உறவுகளை இழந்த பெண்கள் பலருக்குத் தங்கள் சொந்தச் சாவுக்கு அழ நேரமும் இடமும் கிடைக்கவில்லை. செத்தவீடு வைக்க முடியவில்லை. எட்டுச் செலவும் அந்தியேட்டியும் செய்ய முடியவில்லை. காணாமல் ஆக்கப்பட்டவருக்கு அழுவதா, விளக்கேற்றிக் காத்திருப்பதா என்று இன்றும் தெரியாமல் இருக்கும் தாய்மார் எத்தனை பேர்? அப்படி அடக்கி வைத்த துயரம் வேறொருவரின் சாவைக் கேட்கும்போது உடைத்துக்கொண்டு வெளியே வருகிறது. அந்தக் கண்ணீரில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

நாம் யோசிக்க வேண்டியது கண்ணீருக்குப் பிறகு பேசியவற்றைப் பற்றித்தான்.

"அவளுக்கு என்ன குறை?"

சித்ராவின் மரணம் தற்கொலை என்று பொலிஸார் தெரிவித்தனர். குடும்பத்தினர் அதை ஏற்கவில்லை. தற்கொலைக்குத் தூண்டியதாக அவரது கணவர் கைது செய்யப்பட்டார். 2024 ஓகஸ்ட்டில் திருவள்ளூர் மகளிர் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. ஒரு சாவின் காரணத்தைத் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்து தீர்மானிப்பது எமது வேலை அல்ல. ஆனாலும் அந்த நாட்களில் எல்லோர் வாயிலும் ஒரே கேள்வி இருந்தது. "அழகு இருக்கு, காசு இருக்கு, பேர் இருக்கு. அவளுக்கு என்ன குறை?"

இது புதிய கேள்வி அல்ல. 'பசி' படத்துக்காக இந்தியாவின் தேசிய விருது பெற்ற ஷோபா 1980 மே மாதத்தில் தன் உயிரை மாய்த்துக்கொண்டபோதும், 1996 செப்டெம்பரில் சில்க் ஸ்மிதா இறந்தபோதும் இதையேதான் கேட்டார்கள். மனம் உடைவதற்குக் குறை ஏதாவது கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று நாம் நினைக்கிறோம். நீரிழிவு வந்தவரிடம் "உனக்கு என்ன குறை?" என்று கேட்போமா?

அதே 2020ஆம் ஆண்டு யூன் 14ஆம் திகதி மும்பையில் ஹிந்தி நடிகர் சுஷாந்த் சிங் ராஜ்புத் இறந்தார். கிரிக்கெட் வீரர் தோனியின் கதையில் தோனியாக நடித்தவர். வயது 34. அவர் மனநோய்க்குச் சிகிச்சை பெற்று வந்தார் என்று மும்பைப் பொலிஸ் ஆணையாளரே ஊடகங்களிடம் கூறினார். பலர் நம்ப மறுத்தனர். "சிரித்த முகத்தோடு இருந்தவனுக்கு நோயா? இது கொலைதான்" என்றார்கள். பழி முழுவதும் அவரது காதலியான நடிகை ரியா சக்ரவர்த்தியின் தலையில் விழுந்தது. தொலைக்காட்சிகள் நாட்கணக்கில் அவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தின. போதைப்பொருள் வழக்கொன்றில் ஏறத்தாழ ஒரு மாதம் அவர் சிறையிலும் இருந்தார். கடைசியில், வழக்கை முடித்துக்கொள்ளும் அறிக்கையை இந்திய மத்திய புலனாய்வுப் பணியகம் 2025 மார்ச்சில் நீதிமன்றில் கையளித்தது. சுஷாந்தைச் சாவுக்குத் தள்ளியதாக எவர்மீதும் சான்று கிடைக்கவில்லை.

நோய் என்று ஒப்புக்கொள்ள மறுத்தால் குற்றவாளி ஒருவர் தேவைப்படுகிறார். அந்த இடத்துக்குப் பெரும்பாலும் ஒரு பெண்தான் அகப்படுகிறாள். இது மும்பையில் மட்டும் நடப்பதல்ல. கணவன் உயிரை மாய்த்துக்கொண்ட வீட்டில் மனைவியைப் பார்த்து "இவள்தான் அவனைத் தின்றவள்" என்று சொல்லும் வாய் எங்கள் ஊர்களிலும் இருக்கிறது.

"தீராத வயிற்றுவலி"

இப்போது எங்கள் ஒழுங்கைக்கு வருவோம். உள்ளூர்ச் செய்திகளில் ஒரு வசனம் அடிக்கடி வரும். 'தீராத வயிற்றுவலி காரணமாகத் தவறான முடிவெடுத்தார்.' வயிற்றுவலி சில வேளைகளில் உண்மையாக இருக்கலாம். பல வேளைகளில் அது ஒரு மூடுதிரை. மனச்சோர்வு என்று சொன்னால் குடும்பத்துக்கு இழுக்கு, பெண்பிள்ளையின் கலியாணம் குழம்பிவிடும் என்ற பயம்.

நடிகை இறந்தால் வாய்விட்டு அழுகிறோம். அயல்வீட்டுப் பெண் அப்படி இறந்தால் மெதுவாகக் குசுகுசுக்கிறோம். நுண்கடன் காசு கட்ட முடியாமல் வாராவாரம் வாசலில் அவமானப்பட்டவளாக அவள் இருக்கலாம். பிள்ளையைத் தேடி அலுவலகம் அலுவலகமாக நடந்து களைத்தவளாக இருக்கலாம். செத்தவீட்டில் அவளுடைய பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துப் பேசவும் தயங்குகிறோம். பள்ளிக்கூடத்தில் அந்தப் பிள்ளைகளை மற்றப் பிள்ளைகள் நக்கலடிக்கிறார்கள். நடிகைக்கு வைத்த இரக்கத்தில் பாதியையாவது இவளுக்கு வைத்தோமா?

உயிரோடு இருந்தபோது வைத்தோமா என்பதுதான் இன்னும் பெரிய கேள்வி.

எங்கள் துயரம் உடம்பில் பேசும்

எமது பெண்கள் "எனக்கு மனச்சோர்வு" என்று சொல்வதில்லை. "நெஞ்சு அடைக்குது", "தலைக்குள்ள எரியுது", "பெருமூச்சாய் வருது", "ஒரே யோசனை", "உடம்பில பெலன் இல்லை" என்பார்கள். இரத்தம், சலம் எல்லாம் சோதித்து "ஒன்றும் இல்லை" என்று துண்டு கொடுப்பார்கள். அவளுக்கு ஒன்றும் இல்லாமல் இல்லை. மனதின் வலி உடம்பின் வழியே பேசுகிறது.

போர் முடிந்த 2009ஆம் ஆண்டு யாழ்ப்பாண மாவட்டத்தில் நடத்தப்பட்ட ஓர் ஆய்வில் 22 சதவீதமானவர்களிடம் மனச்சோர்வுக்குரிய அறிகுறிகள் காணப்பட்டன. அதாவது ஐந்து பேரில் ஒருவருக்கு மேல். உலக அளவிலும் ஆண்களைவிடப் பெண்களிடம் இந்நோய் சுமார் ஒன்றரை மடங்கு அதிகம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகிறது. ஒரு மாதர் சங்கக் கூட்டத்தில் இருபது பேர் இருந்தால் நாலைந்து பேர் இந்தச் சுமையைத் தூக்கிக்கொண்டு இருக்கக்கூடும்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உளமருத்துவப் பேராசிரியராக இருந்த தயா சோமசுந்தரம் 1995இல் சக ஆய்வாளர் ஒருவருடன் எழுதிய கட்டுரை ஒன்றில், போர் உக்கிரமாக இருந்த காலத்தில் வடக்கில் தற்கொலைகள் குறைந்திருந்ததைக் காட்டினார். ஷெல்லுக்குப் பயந்து பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடும்போது மனதுக்கு உடைய நேரமில்லை. ஓட்டம் நின்ற பிறகுதான் களைப்புத் தெரியும். "அந்தப் பெரிய சண்டையையே தாங்கினவள், இப்ப என்ன வந்தது?" என்று கேட்பது அதனால்தான் பிழை. தாங்கியதால்தான் இப்போது தளர்கிறாள்.

கவலையும் நோயும் ஒன்றல்ல

கவலை எல்லோருக்கும் வரும், போகும். கீழ்க்காண்பவற்றில் பல, இரண்டு வாரத்துக்கு மேல், ஏறக்குறைய நாள் முழுவதும் இருந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம்.

• எதிலும் விருப்பம் இல்லாமை, பிள்ளையின் சிரிப்பிலும் சந்தோசம் வராமை
• நித்திரை வராமை, விடியப்புறம் எழும்பி மோட்டைப் பார்த்தபடி கிடத்தல், அல்லது அளவுக்கு மிஞ்சிய நித்திரை
• சாப்பாடு செல்லாமை, உடல் மெலிதல்
• சின்ன வேலைக்கும் களைப்பு, குளிக்கவும் தலை இழுக்கவும் மனமில்லாமை
• "நான் ஒன்றுக்கும் உதவாதவள், எல்லாருக்கும் பாரம்" என்ற எண்ணம்
• வாழ்ந்து என்ன பயன் என்ற நினைப்பு

கடைசியாகச் சொன்னது வந்துவிட்டால் இரண்டு வாரம் பார்த்திருக்க வேண்டாம். அன்றே உதவி தேட வேண்டும்.

மந்திகை என்றால் பயமா?

பருத்தித்துறை ஆதார வைத்தியசாலை மந்திகையில் இருக்கிறது. அங்கே மனநோய்ப் பிரிவு இயங்கியதால் ஓர் ஊரின் பெயரையே நாம் வசைச்சொல் ஆக்கிவிட்டோம். "உன்னை மந்திகைக்குத்தான் கொண்டுபோகோணும்" என்று பகிடியாகச் சொல்லும் ஒவ்வொரு முறையும், பக்கத்தில் இருக்கும் நோயாளி ஒருத்தி வைத்தியரிடம் போகும் எண்ணத்தைக் கைவிடுகிறாள்.

உண்மையில் மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெறும் பெரும்பாலானவர்கள் வைத்தியசாலையில் தங்குவதில்லை. கிளினிக்குக்குப் போய் வருகிறார்கள். சிலருக்கு உளவளத்துணையாளருடன் பேசுவதே போதும். சிலருக்கு மாத்திரையும் தேவை. மாத்திரை வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் எடுக்கும். அதற்குள் "சுகம் வரவில்லை" என்று விடக்கூடாது. சுகம் வந்ததும் தானாக நிறுத்தவும் கூடாது. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை, பருத்தித்துறை ஆதார வைத்தியசாலைகளிலும் உளநல சேவை உண்டு. அரச வைத்தியசாலையில் இதற்குக் காசு இல்லை. கோவிலுக்குப் போவதும் நேர்த்தி வைப்பதும் மனதுக்குத் தெம்பு தந்தால் செய்யுங்கள். மருந்தையும் எடுங்கள். ஒன்றுக்கு மற்றது எதிரி அல்ல.

ஹிந்தி நடிகை தீபிகா படுகோன் புகழின் உச்சியில் இருந்தபோதே, தனக்கு மனச்சோர்வு வந்ததையும் சிகிச்சை பெற்றதையும் 2015இல் வெளிப்படையாகச் சொன்னார். அதன் பின்னும் அவர் நடித்தார், திருமணம் செய்தார், தாயானார். சாவுச் செய்திகளைப் பகிர்ந்த அளவுக்கு இந்தச் செய்தியை நாம் பகிரவில்லை.

நாம் செய்யக்கூடியவை

கேளுங்கள். "சாக வேணும் போல நினைப்பு வருதோ?" என்று நேரே கேட்டால் அந்த எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோம் என்று பயப்பட வேண்டாம். கேட்பதால் அவளுடைய பாரம் குறையும். "ஓம்" என்றால் திட்ட வேண்டாம், சத்தியம் வாங்க வேண்டாம். தனியே விடாமல் கூட இருங்கள். வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போங்கள்.

தோட்டத்துக்கு அடிக்கும் கிருமிநாசினியை வீட்டுக்குள் வைக்காமல் பூட்டி வையுங்கள். 1995இல் இலங்கையில் ஒரு இலட்சம் பேரில் சுமார் 47 பேர் தற்கொலையால் இறந்தனர். மிகக் கொடிய நஞ்சுகளை அரசாங்கம் ஒவ்வொன்றாகத் தடை செய்த பின் அந்தத் தொகை பாதிக்கும் கீழே வந்தது. அந்தக் கொடிய நேரத்தைக் கடத்திவிட்டால் பலர் வாழ்கிறார்கள்.

வைத்தியசாலைக்குக் கொண்டுபோனால் பொலிஸ் வழக்கு வரும் என்று மறைக்க வேண்டாம். தற்கொலைக்கு முயல்வதைக் குற்றமாகக் கருதிய சட்டம் இலங்கையில் 1998இல் நீக்கப்பட்டுவிட்டது.

பிரபலம் ஒருவர் இறந்தால் எப்படி இறந்தார் என்பதைப் பிள்ளைகளுக்கு முன் விவரிக்க வேண்டாம், படத்தை அனுப்பவும் வேண்டாம். 2014இல் அமெரிக்க நகைச்சுவை நடிகர் ரொபின் வில்லியம்ஸ் இறந்த பின் வந்த ஐந்து மாதங்களில் அந்நாட்டில் தற்கொலைகள் எதிர்பார்த்ததைவிடச் சுமார் 10 சதவீதம் கூடின என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டனர். ஏற்கெனவே உடைந்திருப்பவர்களை அந்த விவரங்கள் இழுக்கும். உதவி பெற்று மீண்டவரின் கதையைச் சொல்லுங்கள்.

தேசிய உளநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு இரவு பகல் எந்நேரமும் தொலைபேசி எடுக்கலாம். உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடமும் சொல்லலாம்.

சகோதரிகளே, உங்கள் சங்கத்துக்கு ஒழுங்காக வந்துகொண்டிருந்த ஒருத்தி இரண்டு மாதமாக வரவில்லையா? "அவளுக்கு மண்டைக்கனம்" என்று விட்டுவிடாதீர்கள். இன்று பின்னேரம் இரண்டு பேராக அவள் வீட்டுக்குப் போங்கள். புத்திமதி கொண்டுபோக வேண்டாம். ஒரு தேத்தண்ணி குடிக்கும் நேரம் பக்கத்தில் இருந்து, அவள் சொல்வதைக் கேட்டுவிட்டு வாருங்கள். அடுத்த கிளினிக் நாளுக்கு அவளுடன் பஸ் ஏற ஒருவர் முன்வாருங்கள்.