காற்றை மறித்துச் சுட்ட பானை

அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோ மாநிலத் தலைநகரான சாண்டா ஃபேயில் கேன்யன் ரோடு என்று ஒரு தெரு. இரு பக்கமும் கலைக்கூடங்கள். பெரும்பாலானவற்றில் 'தென்மேற்கின் கலை' என்று பெயர் வாங்கிய சரக்குதான்: செம்பாறைக் குன்றுகள், மழைமேகம் திரளும் பாலைநிலம், குதிரைமேல் கௌபாய், வெண்கலக் காட்டெருமை. கண்ணில் படுவதைப் பட்டபடியே தீட்டுகிற மரபு இங்கே இன்னும் நன்றாக விலை போகிறது. அந்த வண்ணங்களுக்கு நடுவில், தனி விளக்கின் கீழ், ஒரு கறுப்புப் பானை இருக்கும். இரண்டு கைகளுக்குள் அடங்கிவிடும். விலையோ சில சமயம் பக்கத்தில் மாட்டியிருக்கும் ஓவியத்தை மிஞ்சும்.

தூரத்திலிருந்து பார்த்தால் உலோகம் என்று தோன்றும், அப்படியொரு பளபளப்பு. அதன்மேல் பீங்கானுக்குப் பூசுவதுபோன்ற கண்ணாடிப் பூச்சு கிடையாது. கறுப்புச் சாயம் துளியும் இல்லை. திரிகையில் வைத்துச் சுழற்றியதும் இல்லை. நெருப்புக்குப் போகும்வரை அந்தப் பானை செங்காவி நிறத்தில்தான் இருந்தது. அதைக் கறுப்பாக்கியது, சுடும்போது காற்றைத் தடுத்த ஒரு செயல்.

இதற்குப் பேர்போன ஊர் சான் இல்டெஃபோன்ஸோ. சாண்டா ஃபேயிலிருந்து லாஸ் அலமோஸ் அணு ஆய்வுக்கூடத்துக்குப் போகும் வழியில், ரியோ கிராண்டே ஆற்றோரம் இருக்கிறது. ஸ்பானியர் வருவதற்கு வெகுகாலம் முன்பே மண்வீடு கட்டி, மக்காச்சோளம் விதைத்து, ஊராகக் கூடி வாழ்ந்த பூர்வகுடிகளை புவெப்லோ மக்கள் என்பார்கள். அவர்களுடைய ஊருக்கும் புவெப்லோ என்றே பெயர். சான் இல்டெஃபோன்ஸோக்காரர்கள் பேசுவது டேவா மொழி.

மண் எடுக்கும் இடத்தைப் பல குடும்பங்கள் வெளியாட்களிடம் சொல்வதில்லை. எடுப்பதற்கு முன் ஒரு பிடி மக்காச்சோள மாவைத் தூவி, மண்தாயிடம் வேண்டிக்கொள்வது வழக்கம். காயவைத்து, இடித்து, சலித்த களிமண்ணோடு எரிமலைச் சாம்பலைக் கலப்பார்கள். பக்கத்து ஹேமெஸ் மலைத்தொடரில் சுமார் 12 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வெடித்த எரிமலை ஒன்று அந்த வட்டாரத்தையே சாம்பலால் மூடியது. அதனால் கலவைக்குப் பஞ்சமில்லை. வெறும் களிமண் காயும்போது அளவுக்கு மீறிச் சுருங்கி வெடிக்கும். சாம்பல் சேர்ந்தால் நுண்ணிய இடைவெளிகள் உண்டாகும். உள்ளே தங்கிய ஈரம் அவற்றின் வழியே வெளியேறும். பிசைந்த மண்ணைக் கயிறாக உருட்டி, ஓர் ஆழமில்லாத தட்டில் அமர்த்திய அடிப்பாகத்தின்மேல் சுற்றுச்சுற்றாக அடுக்கி, சுரைக்குடுக்கை ஓட்டால் உள்ளும் புறமும் வழித்துச் சுவரை மெலிதாக்குவார்கள். காய்ந்தபின் தேய்த்துச் சமன்செய்வார்கள்.

இதுவரை நடந்தது உலகத்தில் பல ஊர்களில் நடப்பதுதான். பளபளப்பு வருவது அடுத்த வேலையில்.

இரும்புச்சத்து மிகுந்த செம்மண்ணை நீரில் கரைத்த குழம்பைப் பானைமேல் பல தடவை பூசுவார்கள். அது உலர்வதற்குள் ஒரு வழவழப்பான கூழாங்கல்லால் தேய்க்க வேண்டும். தொடங்கினால் நடுவில் நிறுத்த முடியாது. குழம்பு பாதியில் காய்ந்துபோனால் தேய்த்த கோடுகள் அப்படியே தங்கிவிடும். மொத்தத்தையும் சுரண்டிவிட்டு மறுபடி பூசவேண்டியதுதான். பெரிய ஜாடியென்றால் பல மணி நேரம் கை ஓயாது. இந்தக் கற்கள் பாட்டியிடமிருந்து பேத்திக்குப் போகிற சொத்து. களிமண் என்பது தட்டையான நுண்துகள்களின் குவியல். கல் அழுத்தித் தேய்க்கும்போது மேற்பரப்பிலுள்ள துகள்கள் எல்லாம் ஒரே திசையில் படுத்துக்கொள்கின்றன. சமமான பரப்பில் விழும் ஒளி சிதறாமல் திரும்புகிறது. கண்ணுக்குத் தெரியும் மினுமினுப்பு இவ்வளவே.

பிறகு நெருப்பு. காற்றில்லாத விடியற்காலையாகப் பார்த்துத்தான் வைப்பார்கள். கட்டிய சூளை எதுவும் கிடையாது, திறந்த வெளி. தகர டப்பாக்களின்மேல் இரும்புச் சட்டம் வைத்து, அதில் பானைகளைக் கவிழ்த்து அடுக்கி, சுற்றிலும் பழைய தகரத் துண்டுகளால் மறைத்து, வெளியே வறட்டியைச் சாத்தி, கீழே ஜூனிப்பர் விறகைப் பற்றவைப்பார்கள். தகரத்துக்கு வண்டிகளின் பழைய எண் பலகைகளைக்கூடப் பயன்படுத்தியிருக்கிறார்கள். வெப்பம் ஏறக்குறைய 650 முதல் 750 டிகிரி செல்சியஸ் வரை ஏறும். அந்த நிலையில் அப்படியே அணையவிட்டால் சிவப்புப் பானை கிடைக்கும்.

கறுப்பு வேண்டுமென்றால், நெருப்பு உச்சத்தில் இருக்கும்போதே பொடித்த குதிரை லத்தியைக் கூடைகூடையாகக் கொட்டி மூடுவார்கள். நம் ஊரில் விறகைக் கரியாக்க மண்ணால் மூடி மூட்டம் போடுவார்களே, அதே தந்திரம். வெளிக்காற்று நின்றுபோகும். உள்ளே எரிய ஆக்ஸிஜன் இல்லாமல் தவிக்கும் புகையில் கார்பன் மோனாக்ஸைடு பெருகும். அது தனக்குத் தேவையான ஆக்ஸிஜனை மண்ணிலுள்ள இரும்பு ஆக்ஸைடிலிருந்தே பிடுங்கும். ஹேமடைட் என்ற அந்தச் சிவப்பு ஆக்ஸைடு அப்போது கறுப்பான மேக்னடைட்டாக மாறிவிடும். கூடவே புகைக்கரியும் மண்ணின் நுண்துளைகளில் போய் அடைந்துகொள்ளும். இரண்டும் சேர்ந்ததுதான் அந்தக் கருமை. எங்கேனும் ஓர் ஓட்டை வழியாகக் காற்று நுழைந்தால் பானையில் அந்த இடம் மட்டும் திட்டாக நிறம் மாறி நிற்கும். உள்ளே ஈரம் தங்கியிருந்தால் ஆவியாகி, பானை வெடித்து, அக்கம்பக்கத்துப் பானைகளையும் கீறிவிடும். மாதக்கணக்கான உழைப்பு ஒரு காலையில் போய்விடலாம்.

ஆக்ஸிஜனைக் கொடுத்தும் தடுத்தும் மண்ணுக்கு நிறம் தருவது உலகின் பல பக்கங்களில் தனித்தனியே கண்டுகொண்ட வித்தை. ஆதிச்சநல்லூரிலும் கீழடியிலும் கிடைத்த கறுப்பு-சிவப்புப் பானைகளில் உட்புறமும் வாய்விளிம்பும் கறுப்பு, வெளிப்புறம் சிவப்பு. அவற்றைச் செய்தவர்களுக்கும் புவெப்லோ மக்களுக்கும் எந்த உறவும் இல்லை. இரும்பின் வேதியியல்தான் பொது.

இந்தக் கறுப்புப் பானையைச் சொன்னால் உடனே வரும் பெயர் சான் இல்டெஃபோன்ஸோவின் மரியா மார்ட்டினெஸ். 1980இல் தொண்ணூறைத் தாண்டிய வயதில் மறைந்தவர். 1907 முதல் தொல்லியலாளர் எட்கர் லீ ஹியூவெட் பக்கத்துப் பீடபூமியில் அகழாய்வு நடத்தினார். மரியாவின் கணவர் ஹூலியான் அங்கே மண்வெட்டும் வேலைக்குப் போனார். தோண்டியெடுத்த ஓடுகளைக் காட்டி, இதேபோல் முழுப்பானை செய்து தரமுடியுமா என்று ஹியூவெட் மரியாவிடம் கேட்டார். அங்கிருந்து 'அழிந்துபோன கலையை மரியா மீட்டெடுத்தார்' என்று ஒரு கதை கிளம்பி இன்றுவரை விற்பனையாளர்கள் வாயில் உலவுகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. பக்கத்து சாண்டா கிளாரா புவெப்லோவில் மெருகிட்ட கறுப்புப் பானை எப்போதும் நிற்காமல் நடந்துவந்த தொழில். மரியாவும் ஹூலியானும் செய்தது மீட்பைவிடப் பெரியது: 1919 வாக்கில், அதுவரை இல்லாத ஒன்றைக் கொண்டுவந்தார்கள்.

மெருகேற்றி முடித்த பானைமேல் ஹூலியான் நீர்த்த களிமண் குழம்பால் படம் வரைந்தார். அதன்மேல் கல் படவில்லை. மூடிச் சுட்டால் இரண்டு பரப்பும் ஒரே கறுப்பு. ஆனால் கல் பட்ட இடம் பளபளக்கும், குழம்பு பூசிய இடம் மங்கித் தெரியும். கறுப்பின்மேல் கறுப்பால் ஓவியம். வெளிச்சம் விழும் கோணம் மாறினால்தான் படமே தெரியும். அவர் அதிகம் வரைந்தது அவான்யு என்னும் நீர்ப்பாம்பு. மழைக்கும் ஆற்றுக்கும் உரியது; தலையில் கொண்டையும் உண்டு.

உருவம் வனைந்தது மரியா, பலவற்றுக்கு மெருகு போட்டது தங்கை கிளாரா, வரைந்தது ஹூலியான். சந்தைக்கோ ஒரே பெயர் போதும். 1920களில் பானையின் அடியில் கையெழுத்து போடும் பழக்கம் வந்தது; வெள்ளைக்காரருக்குப் பழகிய பெயராக இருக்கட்டுமென்று 'மேரி' என்றே முதலில் எழுதினார்கள். அந்தக் கையெழுத்திருந்தால் விலை கூடுகிறது என்று தெரிந்ததும், ஊரில் மற்றப் பெண்கள் கொண்டுவந்த பானைகளிலும் மரியா எழுதிக்கொடுத்தார். சேகரிப்பாளர்களுக்கு இது தலைவலி. ஒருவருக்கு வந்த பேர் ஊருக்கே வந்த பேர் என்று நினைக்கிறவருக்கு இதில் என்ன தப்பு?

வாங்குகிறவர்கள் பெரும்பாலும் அறியாத ஒன்றையும் சொல்லவேண்டும்: இந்தப் பானையில் தண்ணீர் ஊற்றக்கூடாது. துகள்கள் உருகிச் சேர்கிற அளவுக்குச் சூடேற்றினால் பானை உறுதியாகும், ஆனால் படுத்துக்கிடக்கும் துகள்களின் ஒழுங்கு கலைந்து மெருகு போய்விடும். ஆகவே குறைந்த சூட்டிலேயே நிறுத்துகிறார்கள். மண் நீரை உறிஞ்சும் பதத்திலேயே நின்றுவிடுகிறது. 1880இல் ரயில் வந்து, மலிவான தகரப் பாத்திரங்கள் வீடுகளில் நுழைந்த பிறகு, பானைக்கு அடுக்களையில் இருந்த வேலை போயிற்று. அதே ரயிலில் வந்த சுற்றுலாக்காரர்களிடம் விற்கலாம் என்ற வழி திறந்தது. பழைமையின் அடையாளமாகக் கலைக்கூடத்தில் நிற்கும் இந்தப் பொருள் உண்மையில் ரயில் யுகத்தின் பிள்ளை; பார்ப்பதற்கென்றே பிறந்தது.

அதைத் தெரிந்துகொண்டால் அடுத்த தலைமுறைகளின் புதுமை உறுத்தாது. மரியாவின் மகன் போபோவி டா கறுப்பைத் துப்பாக்கி உலோகத்தின் சாம்பல் மினுக்கம்வரை கொண்டுபோனார். கறுத்த பானையில் மறுபடி காற்றுபடச் சூடேற்றினால் மேக்னடைட் திரும்பவும் சிவக்கும் என்பதைப் பயன்படுத்தி, ஒரே பானையில் பழுப்பையும் கறுப்பையும் சேர்த்து வைத்தார். பேரன் டோனி டா பச்சைநீல டர்க்காய்ஸ் கற்களைப் பதித்தார். சாண்டா கிளாராவின் மார்கரெட் டஃபோயா பெரிய ஜாடிகளில் கரடியின் பாதச்சுவட்டை அழுத்தி வைத்தார். பஞ்சகாலத்தில் தண்ணீருக்கு வழிகாட்டியது கரடி என்பது அவர்களது நம்பிக்கை. கோச்சிட்டி புவெப்லோவின் விர்ஜில் ஓர்ட்டிஸ் 1680இல் ஸ்பானியரை விரட்டிய புவெப்லோ கிளர்ச்சியை எதிர்கால விண்வெளி வீரர்களாக மண்ணில் செய்கிறார். சாண்டா கிளாராவின் ரோஸ் பி. சிம்ப்ஸன் 1985ஆம் ஆண்டு ஷெவர்லே எல் கமினோ கார் ஒன்றை எடுத்து, உடல் முழுக்கக் கறுப்பின்மேல் கறுப்பாக வடிவங்கள் தீட்டி, 'மரியா' என்று பெயர் வைத்தார். நான் முதலில் சிரித்தேன். பிறகு அந்தக் காரின் படத்தைப் பார்த்தால், பானைக்கும் வண்டிக்கும் வித்தியாசம் அவ்வளவாகத் தெரியவில்லை: இரண்டும் ஒளியைப் பிடிக்கத் தேய்த்த வளைவுகள்.

பேர் பெருகிய பொருளுக்குப் போலி வராமல் இருக்குமா? அச்சில் வார்த்து மின்சூளையில் சுட்டுக் கறுப்புப் பூசிய பானைகளும் 'பூர்வகுடிக் கைவினை' என்று விலைபோயின. 1990இல் வந்த கூட்டாட்சிச் சட்டத்தின்படி பூர்வகுடியினர் செய்யாததை அவர்கள் செய்ததாக விற்றால், முதல் குற்றத்துக்கே இரண்டரை லட்சம் டாலர்வரை அபராதமோ ஐந்தாண்டுவரை சிறையோ கிடைக்கலாம். ஆராய்ந்து வாங்க நினைப்பவர் பானையின் உட்புறத்தில் விரலோட்டிப் பார்க்கலாம். வனைந்த கையின் மேடுபள்ளம் லேசாகத் தட்டுப்படும். அச்சுப்பானையின் உட்புறம் ஒரே சீராக இருக்கும். நகத்தால் சுண்டினால், திறந்த நெருப்பில் சுட்டது மந்தமாகவும் மின்சூளையில் சுட்டது கணீரென்றும் ஒலிக்கும். சுண்டுவதற்குக் கடைக்காரர் சம்மதிக்க மாட்டார். அப்படியானால் சாண்டா ஃபேயின் பழைய ஆளுநர் மாளிகைத் தாழ்வாரத்துக்குப் போகலாம். அங்கே கம்பளம் விரித்து உட்கார்ந்திருப்பவர்களில் பலர் செய்தவர்களே. எப்படிச் சுட்டார்கள் என்று அவர்களிடமே கேட்டுக்கொள்ளலாம்.